ட்ரினிடாடில் முதல் கிறிஸ்துமஸா? சோரல், ஜிஞ்சர் பியர், பஞ்ச்-அ-க்ரீம் வீட்டிலேயே செய்யும் முறை

டிசம்பர் பிறந்துவிட்டால் ட்ரினிடாடில் யார் வீட்டுக்குப் போனாலும், நீங்கள் நாற்காலியில் உட்காருவதற்குள் கேட்டுவிடுவார்கள்: சோரலா, ஜிஞ்சர் பியரா? சோரல் என்பது செடியின் சிவப்பு இதழில் காய்ச்சும் புளிப்புப் பானம், ஜிஞ்சர் பியர் என்பது இஞ்சித் தண்ணீர். நம் ஊரில் வெயிலில் வந்தவருக்கு நீர்மோர் நீட்டுவது போலத்தான் இது. வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாய் குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அடுத்த கேள்வி வரும்: உங்கள் வீட்டில் இந்த வருடம் செய்தாயிற்றா?

பாயின்ட் லீசாஸ் அம்மோனியா, மெத்தனால் ஆலைகளிலோ, செயின்ட் அகஸ்டின் பல்கலைக்கழக வளாகத்திலோ, மருத்துவமனைகளிலோ வேலை கிடைத்துப் புதிதாக வந்து இறங்கியிருக்கும் நம்மவர்கள் இந்தக் கேள்விக்கு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். கேக், ஹாம், விளக்குச் சரம் எல்லாவற்றையும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. பானத்தை மட்டும் உங்கள் கையால் செய்யுங்கள். அக்கம்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி இந்தத் தீவில் இல்லை. நீங்கள் ஒரு பாட்டில் சோரல் கொடுத்தால், அதே பாட்டில் அடுத்த வாரம் அவர்கள் வீட்டு ஜிஞ்சர் பியரோடு திரும்பி வரும். அப்புறம் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு வருடம் முழுக்கத் திறந்திருக்கும்.

இந்துவாக இருக்கிறோமே, முஸ்லிமாக இருக்கிறோமே என்ற தயக்கமும் வேண்டாம். இங்கே மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்திய வம்சாவளியினர். 1845 மே 30 அன்று ‘ஃபடேல் ரசாக்’ கப்பலில் கல்கத்தாவிலிருந்து வந்த முதல் கூலித் தொழிலாளர்கள் தொடங்கி, 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறிய நம் ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் தீபாவளிக்கு விளக்கேற்றி முடித்த கையோடு, கிறிஸ்துமஸுக்காகச் சுவருக்கு வண்ணம் பூசி, ஜன்னலுக்குப் புதுத் திரை போடுகிறார்கள். தேவாலயத்துக்குப் போவது கிறிஸ்தவர்கள். பானம் காய்ச்சுவது எல்லோரும்.

எப்போது எதைத் தொடங்குவது

போர்ட் ஆஃப் ஸ்பெயினும் நாகப்பட்டினமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அதனால் டிசம்பர் உங்களுக்குப் புதிதாக இருக்காது: மழைக்காலம் ஓயும், ராத்திரியில் கொஞ்சம் இதமான காற்று வரும், பகலில் 30 டிகிரி வெயில் அடிக்கும். பனி, கணப்பு அடுப்பு, சூடான பானம் எதற்கும் இங்கே வேலை இல்லை. கிராம்பும் பட்டையும் ஜாதிக்காயும் போட்டுக் காய்ச்சுவார்கள், ஆனால் ஐஸ் போட்டுக் குடிப்பார்கள்.

ஜிஞ்சர் பியர் ஊறச் சில நாள் பிடிக்கும். சோரல் சுத்தம் செய்ய ஒரு மாலைப் பொழுது போய்விடும். பஞ்ச்-அ-க்ரீமில் முட்டையும் பாலும் இருப்பதால் அதைச் சீக்கிரமே செய்து வைக்க முடியாது. ஆகவே நவம்பர் கடைசியில் மசாலா சாமான், சர்க்கரை, டின் பால் வாங்கி வையுங்கள். டிசம்பர் நடுவில் பெரிய கடைகளில் வரிசை வாசல் வரை நிற்கும். டிசம்பர் முதல் பாதியில் ஜிஞ்சர் பியர், 15-ஆம் தேதியை ஒட்டிச் சோரல், 21, 22-இல் பஞ்ச்-அ-க்ரீம். இந்த வரிசையில் போனால் 24-ஆம் தேதி ராத்திரி நிம்மதியாக இருப்பீர்கள்.

பாட்டில்களை இன்றைக்கே சேர்க்கத் தொடங்குங்கள். ரம், ஜூஸ் வந்த கண்ணாடி பாட்டில்கள் போதும். சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் அலசி, தலைகீழாகக் கவிழ்த்து முழுக்கக் காய விடுங்கள். உள்ளே ஈரம் தங்கினால் பானம் சீக்கிரம் கெட்டுவிடும்.

சோரல்

மூன்றில் இதுதான் ராஜா. உங்களுக்கு ஏற்கெனவே சொந்தக்காரச் செடியும்கூட. ஆந்திரச் சாப்பாட்டுக் கடையில் கோங்குரா சாப்பிட்டிருப்பீர்களே, அந்தப் புளிச்சகீரை இனம்தான் இது. நாம் இலையைப் பறிக்கிறோம். இங்கே பூ உதிர்ந்த பிறகு காயைச் சுற்றித் தடித்து நிற்கும் சிவப்பு இதழ்களைப் பறிக்கிறார்கள். ஆப்பிரிக்கச் செடி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு கரீபியன் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றும் இதே இதழில் பானம் செய்கிறார்கள்.

கிறிஸ்துமஸோடு இது சேர்ந்ததற்குக் காரணம் செடியின் குணம். பகல் நேரம் குறையத் தொடங்கினால்தான் சோரல் பூக்கும். வருடத்தின் நடுவில் விதைத்தால் அக்டோபரில் பூவெடுத்து, நவம்பர் கடைசியிலிருந்து அறுவடைக்கு வரும். சகுவானாஸ், டுனாபுனா, சான் ஃபெர்னாண்டோ சந்தைகளில் டிசம்பரில் குவியல் குவியலாக வைத்து, பவுண்டு கணக்கில் விற்பார்கள். ஒரு பவுண்டு சுமார் 450 கிராம்.

வாங்கும்போது ஒரு இதழை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். படக்கென்று உடைய வேண்டும், துவண்டால் பழசு. கருஞ்சிவப்பு ரகத்தில் நிறம் ஆழமாக இறங்கும், இளஞ்சிவப்பில் பானம் வெளிறித் தெரியும். ருசியில் இரண்டும் நல்லவைதான், ஆனால் முதல் தடவைக்குக் கருஞ்சிவப்பையே எடுங்கள். கண்ணாடித் தம்ளரில் அந்த நிறத்தைப் பார்க்கும் சந்தோஷம் தனி.

இரண்டு பவுண்டு வாங்கினால் சுமார் மூன்று லிட்டர் பானம் கிடைக்கும். எடையில் பாதி விதைக்காய்க்குப் போய்விடும் என்பதால் குறைத்து வாங்காதீர்கள்.

இப்போது சுத்தம் செய்வது. ஒவ்வொரு காயின் அடியிலும், காம்பு சேரும் இடத்தில், சின்னக் கத்தியால் ஒரு மெல்லிய வட்டம் சீவி எடுங்கள். கட்டை விரலால் அந்த ஓட்டையில் அழுத்தினால் உள்ளிருக்கும் பச்சைக் காய் மேல் பக்கமாகப் பொளக்கென்று வெளியே வந்து விழும். கையில் மிஞ்சுவது குழல் போன்ற சிவப்பு இதழ்க் கூடு. காயைச் சுற்றி நுண்ணிய முடி உண்டு. விரலில் ஏறினால் அரிக்கும். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கை இரண்டு நாளைக்குச் சாயம் ஏறியும் கிடக்கும். வெள்ளைச் சட்டையோடு உட்காராதீர்கள். இங்கே இந்த வேலையை யாரும் தனியாகச் செய்வதில்லை. முன்வாசலில் பெரிய அண்டாவை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் உட்காருவார்கள், வழியில் போகும் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு சேர்ந்துகொள்வார். நீங்களும் வாசலில் உட்கார்ந்தே செய்யுங்கள், ஆள் தானாக வரும்.

இதழ்களை உப்புத் தண்ணீரில் சில நிமிடம் போட்டு, எறும்பு, பூச்சி போக இரண்டு மூன்று முறை அலசுங்கள். இதில் புளிப்பு அதிகம், ஆகவே அலுமினியம், இரும்புப் பாத்திரம் ஆகாது. எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் மூன்று லிட்டர் தண்ணீர், எட்டு கிராம்பு, விரல் நீளப் பட்டை இரண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஒரு துண்டு போட்டுக் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடம் கொதித்து வாசனை வீடு முழுக்கப் பரவியதும் இதழ்களைப் போட்டு, இன்னும் ஐந்து நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே ஊறட்டும். பொறுமையில்லாமல் இரண்டு மணி நேரத்தில் வடிகட்டினால் நிறம் வந்திருக்கும், ருசி வந்திருக்காது.

காலையில் துணியில் வடிகட்டி, இதழ்களைப் பிழிந்து எடுங்கள். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். 350 கிராமில் தொடங்கி, கரைத்து, ருசி பார்த்து ஏற்றுங்கள். அரைக் கிலோ வரை போடும் வீடுகள் உண்டு. ஐஸ் கரையும்போது இனிப்பும் கொஞ்சம் இறங்கும் என்பதை நினைவில் வையுங்கள். குளிர்ச்சாதனப் பெட்டியில் ஒரு வாரம், பத்து நாள் நன்றாக இருக்கும்.

கிராம்பு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரியாணி செய்து பழகிய கை, ஏலக்காயையும் மிளகையும் அன்னாசிப்பூவையும் சேர்த்துப் போடத் துடிக்கும். வேண்டாம். சோரலில் முன்னால் நிற்க வேண்டியது அந்தப் பழப் புளிப்புதான். கிராம்பும் பட்டையும் அதற்குப் பின்னால் நிற்கட்டும். ஜமைக்காவில் இதிலேயே இஞ்சி நிறையப் போடுவார்கள், அது அவர்கள் பாணி. முதல் வருடம் ட்ரினிடாட் முறையில் செய்து, இங்குள்ளவர்களின் நாக்குக்குப் பிடித்த ருசி எது என்று தெரிந்துகொண்டு, அடுத்த வருடம் உங்கள் இஷ்டப்படி மாற்றுங்கள்.

பச்சைச் சோரல் கிடைக்காவிட்டால் கடையில் காய்ந்தது பொட்டலமாக விற்கும். மூன்று லிட்டருக்கு 80 முதல் 100 கிராம் போதும். சுத்தம் செய்யும் வேலை மிச்சம், ஆனால் பச்சை இதழின் அந்தப் புத்துணர்ச்சி வராது. பிழிந்தெடுத்த சக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். எண்ணெய், கடுகு, காய்ந்த மிளகாய், பூண்டு தாளித்து வதக்கினால் அருமையான தொக்கு. சோரல் சட்னி, சோரல் ஜாம் என்று இவர்களும் செய்கிறார்கள். நம் தொக்கை ஒரு சின்னப் புட்டியில் கொடுத்துப் பாருங்கள், மறுபடி கேட்பார்கள்.

இதழுக்கு ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் தன்மை உண்டு. அதற்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அளவோடு குடியுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

ஜிஞ்சர் பியர்

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வீட்டில் செய்வதில் பெரும்பாலும் போதை இல்லை. கடையில் கிடைக்கும் பாட்டிலைப் போல நுரையும் பொங்காது. கலங்கலாக, மஞ்சள் வெள்ளையாக, தொண்டையில் சுரீரென்று இறங்கும் இஞ்சித் தண்ணீர் இது. ஹாமும் கேக்கும் வயிற்றை அடைக்கும் நாட்களில் இதுதான் மருந்து.

ஒரு பவுண்டு இஞ்சி எடுங்கள். உள்ளூர் இஞ்சி சின்னதாகக் கோணல் மாணலாக இருக்கும், தோல் சீவுவது தொல்லை, ஆனால் காரம் அதில்தான். இறக்குமதி இஞ்சி பெரிதாகப் பளபளவென்று இருக்கும். அதை எடுத்தால் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். தோல் சீவித் துருவுங்கள், அல்லது கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரையுங்கள். கொதித்து ஆறிய மூன்று லிட்டர் தண்ணீரில் அதைப் போட்டு, ஆறு கிராம்பு, ஒரு பட்டை, ஜாதிபத்திரி ஒரு இதழ், இரண்டு எலுமிச்சையின் தோலும் சாறும் சேர்த்துப் பெரிய கண்ணாடிச் சாடியில் ஊற்றுங்கள். வாயைத் துணியால் கட்டி, பகலில் வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். இரண்டு மூன்று நாள் போதும். வாரக் கணக்கில் வைக்கும் பாட்டிமார்களும் உண்டு, அதற்கு அனுபவம் வேண்டும். தினமும் ஒரு முறை கழுவிய கரண்டியால் கிளறிவிடுங்கள். மேலே பூஞ்சை படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

வடிகட்டிய பிறகு சில மணி நேரம் அசைக்காமல் வைத்தால், சாடியின் அடியில் வெள்ளையாக மாவு படிவதைப் பார்ப்பீர்கள். அது இஞ்சியின் மாவுச்சத்து. மேல்நீரை மெதுவாகச் சாய்த்து எடுத்து, அடிமண்டியை விட்டுவிடுங்கள். அதோடு பாட்டிலில் அடைத்தால் பானம் கூழ் மாதிரி நாக்கில் ஒட்டும்.

சர்க்கரையை இந்தக் கட்டத்தில்தான் போட வேண்டும். இரண்டு மூன்று கப், ருசி பார்த்து. ஊறப்போடும்போதே சர்க்கரை சேர்த்தால் இஞ்சியில் இயற்கையாக இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கும், வாயு உண்டாகும். இறுக்கி மூடிய கண்ணாடி பாட்டில் இந்த வெயிலில் வெடித்துவிடும். கடைசியில் சர்க்கரை போட்டாலும் வெளியே வைக்காதீர்கள். பாட்டிலின் கழுத்தில் நான்கு விரல் இடம் விட்டு ஊற்றி, உடனே குளிர்ச்சாதனப் பெட்டியில் வையுங்கள். யாருக்காவது தூரத்துக்குக் கொடுத்தனுப்பினால் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுங்கள். பாட்டில் உப்பினால் மூடியைத் திறந்து காற்றை விடலாம். பரிமாறும்போது காரம் தாங்காதவர்களுக்குத் தண்ணீர் கலந்து கொடுங்கள்.

பஞ்ச்-அ-க்ரீம்

வெனிசுலா இங்கிருந்து 11 கிலோமீட்டர் தூரம்தான். இந்தப் பானத்தின் நெருங்கிய சொந்தம் அங்கே இருக்கிறது, பொன்சே க்ரேமா என்று சொல்வார்கள். முட்டை, டின் பால், ரம், ஜாதிக்காய் சேர்ந்த கெட்டியான பானம். சின்னத் தம்ளரில் கொஞ்சமாகத்தான் தருவார்கள்.

தேவையானவை: முட்டை ஆறு, சர்க்கரை சேர்த்த கண்டென்ஸ்டு மில்க் இரண்டு டின், சர்க்கரை இல்லாத எவாப்பரேட்டட் மில்க் மூன்று டின், ஒரு எலுமிச்சையின் பச்சைத் தோல், ஒரு ஜாதிக்காய், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (வாசனைக்குச் சேர்க்கும் கசப்புச் சாறு) ஒரு தேக்கரண்டி, ரம் ஒன்றரை முதல் இரண்டு கப்.

பழைய வீடுகளில் முட்டையைப் பச்சையாகவே அடித்துச் சேர்ப்பார்கள், ரம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பார்கள். அதை நம்ப வேண்டாம். சால்மொனெல்லாக் கிருமி இருந்தால் இந்த அளவு ரம் அதை உடனே கொன்றுவிடும் என்று சொல்ல முடியாது. குழந்தைகள் இதைக் குடிக்கப் போவதில்லை என்றாலும், வயதானவர்கள் குடிப்பார்கள். முட்டையை வேக வைத்துச் செய்யுங்கள், ருசியில் ஒரு குறையும் வராது.

முட்டையோடு எலுமிச்சைத் தோலைப் போட்டு நுரை வர அடியுங்கள். முட்டையின் பச்சை வாடையைப் போக்குவதற்காகத்தான் அந்தத் தோல். அடிக்கும்போது கரண்டியில் சுற்றிக்கொள்ளும், இருக்கட்டும். ஒரு டின் எவாப்பரேட்டட் மில்க்கைச் சேர்த்துக் கலக்கி, பாத்திரத்தைக் கொதிநீரின் மேல் வைத்து, கை விடாமல் கிளறுங்கள். நேரடித் தீ ஆகாது, முட்டை திரிந்து பொரியல் ஆகிவிடும். கலவை கெட்டிப்பட்டு, கரண்டியின் பின்புறத்தில் படிய ஆரம்பிக்கும். அதில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். சமையல் வெப்பமானி இருந்தால் 71 டிகிரி செல்சியஸ் காட்டியதும் இறக்கிவிடுங்கள். வடிகட்டித் தோலை நீக்கி, முழுக்க ஆற விடுங்கள்.

ஆறியதும் மற்ற டின் பால்களைச் சேர்த்து, ஜாதிக்காயைச் சின்னத் துருவியில் பாதி வரை துருவிப் போடுங்கள். ஜாதிக்காய்ப் பொடி வாங்க வேண்டாம். பக்கத்துத் தீவான கிரெனடா ஜாதிக்காய்க்குப் பேர்போனது; தன் கொடியிலேயே அதைப் போட்டிருக்கும் நாடு. முழுக் காய் இங்கே எந்தச் சந்தையிலும் கிடைக்கும். அப்புறம் பிட்டர்ஸ், கடைசியில் ரம்.

அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் பாட்டிலை அடையாளம் காண்பது சுலபம்: பாட்டிலைவிடப் பெரிய காகித லேபிள் கழுத்து வரை ஏறி நிற்கும். தென் அமெரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் பொலிவாரின் படையில் இருந்த சீகெர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1824-இல் வெனிசுலாவின் அங்கோஸ்டுரா நகரில் வயிற்று மருந்தாக உருவாக்கியது. 1875-இல் அவர் குடும்பத்தார் தொழிலைப் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் இங்கேதான் தயாராகிறது. சோரலிலும் இரண்டு மூன்று சொட்டு விடலாம். ஆனால் அதில் 44.7 சதவீதம் ஆல்கஹால் உண்டு, ஆகவே மதுவைத் தொடாதவர்களுக்கு வைக்கும் பாட்டிலில் அதைச் சேர்க்காதீர்கள்.

ரம் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சாதாரண ரம் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பஞ்சன் என்று ஒரு ரகம் உண்டு, 75 சதவீதம். ஊர்க்காரர்கள் பஞ்ச்-அ-க்ரீமில் அதைத்தான் ஊற்ற வேண்டும் என்பார்கள். பால் இனிப்பு காரத்தை மறைத்துவிடும், எவ்வளவு குடித்தோம் என்றே தெரியாது. பஞ்சன் என்றால் அளவைப் பாதியாகக் குறையுங்கள், முதல் தடவைக்குச் சாதாரண ரம்மே போதும்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது: பூசணி. முட்டைக்குப் பதில் ஒரு பவுண்டு மஞ்சள் பூசணியை வேகவைத்து, நைசாக அரைத்து, வடிகட்டிச் சேர்ப்பார்கள். நிறமும் கெட்டியும் அப்படியே வரும். நானே வீட்டில் இதைத்தான் விரும்பிச் செய்கிறேன். ரம்மும் பிட்டர்ஸும் சேர்க்காமல் குழந்தைகளுக்கும் ஒரு ஜாடி செய்து வைக்கலாம். அதை இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ரம் சேர்த்ததானாலும் முட்டை, பூசணி எது போட்டதும் குளிர்ச்சாதனப் பெட்டியை விட்டு வெளியே நிற்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

மாபி என்று இன்னொன்று உண்டு, மரப்பட்டையைக் காய்ச்சி எடுக்கும் கசப்புப் பானம். நிலவேம்புக் கஷாயம் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பிடிக்கும். வருடம் முழுக்கக் கிடைப்பது, கிறிஸ்துமஸுக்கென்று மெனக்கெட வேண்டாம்.

வீட்டுக்கு ஆள் வரும்போது

சொல்லிவிட்டு வருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வருவார்கள், கிறிஸ்துமஸ் காலையில் வருவார்கள், மறுநாள் பாக்ஸிங் டேயும் அரசு விடுமுறை என்பதால் அன்றைக்கும் வருவார்கள்.

ஒவ்வொரு பானத்தையும் இரண்டு வகையாக வையுங்கள்: ரம் சேர்த்தது, சேர்க்காதது. பாட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். முஸ்லிம்கள், விரதம் இருக்கும் இந்துக்கள், மதுவைத் தொடாத சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள், வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில் உட்காரும் ஊர் இது. தருவதற்கு முன் எது எதில் என்ன இருக்கிறது என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். சாலையில் காவல்துறை மூச்சைச் சோதிப்பதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். ஓட்டப்போகிறவர்களை வற்புறுத்தவே கூடாது.

கூடவே வைப்பதற்கு ரம்மில் மாதக் கணக்கில் ஊறிய பழங்களால் செய்யும் கறுப்பு கேக் வேண்டும். அதைத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்து வாங்குங்கள். பஸ்டெல் என்று ஒன்று உண்டு: மக்காச்சோள மாவுக்குள் இறைச்சி, ஆலிவ், உலர்திராட்சைப் பூரணம் வைத்து, வாழையிலையில் மடித்து ஆவியில் வேகவைப்பது. இலையில் வேகும் வாசனை நமக்கு உடனே பிடித்துப்போகும். இறைச்சி இல்லாமல், சோயா வைத்ததும் கேட்டால் செய்து தருவார்கள். நம் முறுக்கும் மிக்சரும் சோரலோடு நன்றாகப் போகும், தயங்காமல் தட்டில் வையுங்கள்.

பராங் பாட்டுக்காரர்கள் வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். நாலு தந்தி குவாட்ரோ, மரக்காஸ் கிலுகிலுப்பை எல்லாவற்றோடும் வீடு வீடாக வந்து ஸ்பானிய மொழியில் பாடுவார்கள். பரமின், லோபினோ, அரிமா பக்கம் குடியிருந்தால் வாய்ப்பு அதிகம். முதல் பாட்டு வாசலுக்கு வெளியே நின்று உள்ளே வர அனுமதி கேட்பது. அதைக் கேட்டதும் கதவைத் திறந்துவிடுங்கள். அப்புறம் இயேசு பிறப்பைப் பாடுவார்கள். பாட்டு பாதியில் நடக்கும்போது தட்டை நீட்டாமல், ஒரு பாட்டு முடிந்ததும் பானமும் சாப்பாடும் கொடுங்கள். அவர்களுக்குச் சோரல், பஞ்ச்-அ-க்ரீம், ரம் மூன்றும் எடுத்து வையுங்கள். விடைபெறும் பாட்டு தனியாக உண்டு, அது முடியும்வரை வாசலிலேயே நில்லுங்கள். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை இந்தப் பாட்டு நடக்கும், ஆகவே 25-ஆம் தேதியே எல்லா பாட்டிலையும் காலி செய்துவிடாதீர்கள். சுத்தம் செய்த சோரல் இதழ்களைப் பையில் கட்டி உறைபெட்டியில் போட்டு வைத்தால், புத்தாண்டுக்கு இன்னொரு முறை காய்ச்சிக்கொள்ளலாம்.

ஜனவரியில் சோரல் விலை இறங்கும். காய்ந்து பழுப்பேறிய காய்கள் சில கிடைக்குமா என்று சந்தையில் விற்பவரிடம் கேட்டு, உள்ளிருக்கும் விதையை எடுத்து வையுங்கள். பச்சைக் காயின் விதை முற்றியிருக்காது, முளைக்காது. ஜூனில் மழை பிடித்ததும் வெயில் நன்றாக விழும் இடத்தில் இரண்டு மூன்று செடி போட்டால் போதும். ஆள் உயரம் வளரும், ஒன்றுக்கொன்று மூன்று அடியாவது இடைவெளி விடுங்கள். இளம் இலையை அவ்வப்போது கிள்ளிப் பருப்போடு கடைந்து சாப்பிடலாம், செப்டம்பர் வந்ததும் கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பூவுக்கு விட்டுவிடுங்கள்.